இல்லாத வலையும் இருந்த வளையமும்

1

மனித மூளையின் எடை உடலின் மொத்த எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆயினும் நாம் ஓய்வாகப் படுத்திருக்கும்போதுகூட, இதயம் வெளியேற்றும் குருதியில் சுமார் ஏழில் ஒரு பங்கையும், உடல் உட்கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கையும் அது எடுத்துக்கொள்கிறது. ஈரலும் தசைகளும் சர்க்கரையைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். மூளையோ அன்றாடங்காய்ச்சி. குருதியோட்டம் முற்றாக நின்றுவிட்டால் பத்து விநாடி அளவில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் மீளாத சேதம் தொடங்கிவிடும்.

இத்தனை அருமையான சரக்கு நான்கே வழிகளில் வந்து சேருகிறது. கழுத்தின் முன்புறம் இருபக்கமும் விரல் வைத்தால் துடிப்பது தெரியும் கழுத்துத் தமனிகள் இரண்டு. கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே கண்ணுக்குத் தெரியாமல் மேலேறும் முதுகெலும்புத் தமனிகள் இரண்டு. பின்னிரண்டும் மண்டையோட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றுசேர்ந்து அடித்தமனி என்ற ஒற்றைக் குழாயாகின்றன. முன்னிரண்டும் பின்வந்த இதுவும், மூளையின் அடிப்பரப்பில் சிறு இணைப்புத் தமனிகளால் கைகோத்து ஒரு வளையமாகின்றன. பெரிய நாணயம் ஒன்றின் சுற்றளவுக்கு மேல் இராத அவ்வளையத்திலிருந்தே பெருமூளைக்கான தமனிகள் எல்லாம் கிளைக்கின்றன. மருத்துவ நூல்கள் அதனை ‘வில்லிஸ் வளையம்’ என்கின்றன.

இவ்வளையம் இருக்கும் இடம் ஒளிவுமறைவானதன்று. மூளையைக் கபாலத்திலிருந்து எடுத்துக் கவிழ்த்து வைத்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆனால் மனிதர்கள் அதைக் கண்டு, கண்டதை எழுதி, எழுதியதன் பொருளையும் உணர்ந்துகொள்ள 1664ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கு முந்தைய ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளில் பெரும்பகுதி, அதே இடத்தில் அவர்கள் வேறொன்றைக் கண்டுகொண்டிருந்தார்கள். அங்கே இல்லாத ஒன்றை. அக்கதையைத்தான் இங்கே சொல்லிப்பார்க்க விரும்புகிறோம்.

2

கழுத்துத் தமனிக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘கரோடிட்’ என்ற பெயரிலேயே ஒரு பழைய நம்பிக்கை உறைந்திருக்கிறது. ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. அத்தமனிகளை அழுத்தினால் விலங்கோ மனிதனோ மயங்கிச் சாயும் என்று பண்டைய கிரேக்கர் அறிந்திருந்தனர், அல்லது அறிந்ததாகக் கருதினர்.

அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர் கேலன். பொ.ஆ. 129இல் பெர்கமோனில் பிறந்தவர். வாள்வீரர்களின் காயங்களுக்கு மருத்துவம் பார்த்துத் தொழில் பழகியவர். பின்னர் ரோமாபுரியில் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் மருத்துவர்களுள் ஒருவரானவர். அவர் உயிருள்ள விலங்குகளின் கழுத்துத் தமனிகளைக் கட்டிப் பார்த்தார். விலங்குகள் மயங்கவில்லை. முன்னோர் கண்ட விளைவுகள், தமனியோடு சேர்த்துக் கட்டப்பட்ட நரம்புகளால் வந்தவை என்று அவர் சரியாகவே சுட்டிக்காட்டினார். கண்ணால் கண்டதை நம்பி முன்னோரை மறுத்த மனிதர் என்பதை, அவர்மேல் குறை சொல்லும் முன் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் அவர் காலத்து ரோமாபுரியில் மனிதச் சடலத்தை அறுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. குரங்கு, பன்றி, ஆடு, மாடு ஆகியவையே அவருடைய பாடநூல்கள். மாட்டின் மண்டையோட்டை அவர் திறந்தபோது, மூளையின் அடியில் கழுத்துத் தமனிகள் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளாகப் பிரிந்து, பின்னிப் பிணைந்து, மீண்டும் சேர்ந்து மேலேறுவதைக் கண்டார். மீன்வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதைப் போன்ற அமைப்பு. அலெக்ஸாந்திரியாவின் ஹெரோஃபிலஸ் அவருக்கு முன்பே இதனை அறிந்திருந்தார். பிற்கால இலத்தீன் நூல்கள் இதற்கு இட்ட பெயர் ‘ரெட்டே மிராபிலே’. அற்புத வலை என்று பொருள்.

இத்தகைய அமைப்பு எதற்கு? கேலனின் விடை அழகானது. இதயத்திலிருந்து தமனிகள் சுமந்துவரும் உயிர் ஆவி, இவ்வலையின் சுற்றுப்பாதைகளில் நெடுநேரம் தங்கிச் செரிந்து, நுண்மையடைந்து, உள ஆவியாக மாறுகிறது. அந்த உள ஆவி மூளையின் அறைகளில் நிறைந்து, நரம்புகள் வழியே சென்று உணர்வையும் அசைவையும் தருகிறது. உடலுக்கும் மனத்துக்கும் நடுவே ஒரு வடிகட்டி. பருப்பொருள் எண்ணமாக மாறும் பட்டறை. கேலன் கண்ட வலை உண்மையானது. ஆட்டிலும் மாட்டிலும் இன்றைக்கும் அது இருக்கிறது. மூளைக்குச் செல்லும் குருதியைக் குளிர்விக்க அது உதவுகிறது என்பது பிற்கால ஆய்வுகள் கண்ட செய்தி. மனிதனில் அது இல்லை என்பது ஒன்றே குறை.

3

கேலனின் நூல்கள் கிரேக்கத்திலிருந்து சிரியாக் மொழிக்கும் அரபிக்கும், அரபியிலிருந்து இலத்தீனுக்கும் சென்றன. போகும் வழியெங்கும் அற்புத வலையும் கூடவே சென்றது. எண்ணம் எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு அதைவிடக் கச்சிதமான விடை எவரிடமும் இருக்கவில்லை என்பதனால், அதனைக் கைவிட எவருக்கும் மனம் வரவில்லை போலும்.

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பொலோன்யா நகரில் மனிதச் சடலங்களை அறுத்துக் கற்பிக்கும் முறை மீண்டும் வந்தது. அங்கு ஆசிரியராக இருந்த மொண்டினோ 1316 அளவில் எழுதிய கையேடு இரு நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. மனித உடலைத் தம் கைகளாலேயே திறந்தவர் எனப்படும் மொண்டினோவும் அற்புத வலையைத் தம் நூலில் விவரித்தார். பின்னாளில் வகுப்பறைக் காட்சி எப்படி ஆயிற்றென்றால், உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து ஆசிரியர் கேலனைப் படிப்பார். கீழே நாவிதர் ஒருவர் சடலத்தை அறுப்பார். இன்னொருவர் கோலால் சுட்டுவார். ஏடு ஒன்று சொல்ல உடல் வேறொன்று சொன்னால், குற்றம் உடலின்மீதே விழுந்தது.

இம்மரபில் முதற்கீறல் விழுந்தது 1521இல். பொலோன்யாவில் அறுவை மருத்துவம் கற்பித்த பெரெங்காரியோ டா கார்பி, மொண்டினோவின் கையேட்டுக்குப் பெரியதோர் உரை எழுதினார். உரையாசிரியர் மூலநூலாசிரியரை மறுப்பதென்பது தமிழ் மரபை அறிந்த நமக்குப் புதியதன்று. பெரெங்காரியோவும் அவ்வாறே, உரைக்கு நடுவே, தாம் நூற்றுக்கும் மேற்பட்ட தலைகளைத் திறந்து தேடியும் இவ்வலையைக் கண்டதில்லை என்று எழுதிவிட்டார். நூறு முறை தேடினார் என்பதிலேயே அந்த வலைக்கு இருந்த அதிகாரம் புலப்படுகிறது. அதிகாரம் இல்லாத ஒன்றாக இருந்திருப்பின் மூன்றாவது தலையோடு தேடலை விட்டிருப்பார்.

அடுத்தவர் ஆண்ட்ரியாஸ் வெசேலியஸ். 1538இல், இருபத்துமூன்று வயதில், பதுவாவில் ஆசிரியராக இருந்தபோது அவர் வெளியிட்ட ஆறு உடற்கூற்றுப் படங்களில் ஒன்றில் மனிதனின் அற்புத வலை தெளிவாக வரையப்பட்டிருந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1543இல் பாஸல் நகரில் அச்சான அவருடைய பெருநூல், மனிதனில் அப்படி ஒரு வலை இல்லை என்றது. அதே நூலில் வெசேலியஸ் ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் தருகிறார். மனிதத் தலையை மாணவர் முன் திறக்கும் நாட்களில், ஆட்டுத் தலையையோ மாட்டுத் தலையையோ பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்வாராம். மனிதத் தலையில் காணக் கிடைக்காத வலையை அதில் காட்டி ஒப்பேற்றிவிடுவாராம்.

மருத்துவ வரலாற்றில் இதற்கு இணையான இடம் வேறு உண்டா என்று நமக்குத் தோன்றவில்லை. மேசைமேல் இரண்டு தலைகள். ஒன்று உண்மை, இன்னொன்று பாடம். மாணவர்கள் பாடத்தைக் கண்டு தெளிந்து வீடு திரும்பினர். பின்னாளில் ஐரோப்பாவின் உடற்கூறியலையே திருப்பிப்போட்ட ஒருவர்தான் அவர்களுக்கு அதைக் காட்டியவர். தம் கண் பொய் சொல்கிறது என்று நம்பும் அளவுக்கு ஒரு நூலின் சொல் மனிதனை ஆட்கொள்ளும் என்பதற்கு அவரே சாட்சி; அதிலிருந்து மீளவும் முடியும் என்பதற்கும் அவரே சாட்சி.

4

வலை போயிற்று. வளையம் உடனே வந்துவிடவில்லை. வலை இல்லை என்று சொன்ன பெரெங்காரியோவும் வெசேலியஸும் அவ்விடத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அது துண்டுதுண்டாகவே கிடைத்தது. 1561இல் ஃபலோப்பியோ மூளையடித் தமனிகள் ஒன்றோடொன்று சேருவதை எழுதினார். காஸ்ஸேரியோ இறந்தபின் 1627இல் வெளிவந்த படத்தொகுப்பில், இணைப்புத் தமனி ஒன்று ஒருபக்கம் வரையப்பட்டிருந்தது. 1658இல் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர் பக்கவாதத்தைப் பற்றிய தம் நூலில் வளையத்தின் போக்கைச் சொற்களால் ஏறக்குறைய முழுமையாகவே விவரித்துவிட்டார்.

வெப்ஃபரைப் பற்றி இன்னும் சில வரிகள் சொல்லியாக வேண்டும். பக்கவாதம் என்பது மூளையின் அறைகளில் சளி அடைத்துக்கொள்வதால் உள ஆவி தடைபடுவது என்பதே அதுவரை நிலவிய விளக்கம். ‘அப்போப்ளெக்ஸி’ என்ற கிரேக்கப் பெயருக்கு அடித்து வீழ்த்தப்படுதல் என்பது பொருள். யார் அடித்தது என்பதை எவரும் கண்டதில்லை. வெப்ஃபர் அவ்வாறு வீழ்ந்து இறந்தவர்களின் தலைகளைத் திறந்தார். மூளைக்குள் குருதி கசிந்து உறைந்திருந்ததைக் கண்டார். குருதி உடலெங்கும் சுழன்றோடுகிறது என்று வில்லியம் ஹார்வி 1628இல் நிறுவியிருந்ததை மூளைக்கும் பொருத்தி, அங்கே குருதி கசிந்தாலும் வரத்து தடைப்பட்டாலும் நோய் வரும் என்று எழுதினார். அவர் 1695இல் இறந்தபோது அவருடைய உடலும் திறந்து பார்க்கப்பட்டது. பெருந்தமனி தடித்துச் சுண்ணாம்பேறிக் கிடந்தது.

இவ்வளவு பேர் முன்பே கண்டிருக்க, வளையத்துக்கு வில்லிஸின் பெயர் எப்படி வந்தது?

5

தாமஸ் வில்லிஸ் 1621இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் வட்டாரச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னர் பக்கம் ஆயுதமேந்தினார். மன்னர் தோற்றபின் சுற்றுவட்டாரச் சந்தைகளுக்குச் சென்று நோயாளிகளின் சிறுநீரைப் பார்த்து மருந்து சொல்லிப் பிழைத்தார்.

1650 டிசம்பர் 14ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் ஆன் கிரீன் என்ற பணிப்பெண் தூக்கிலிடப்பட்டாள். தன் சிசுவைக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. கூறாய்வுக்காக அவளுடைய உடல் மருத்துவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பெட்டியைத் திறந்தபோது தொண்டையில் ஏதோ ஒலி கேட்டது. வில்லியம் பெட்டியும் வில்லிஸும் கத்தியை வைத்துவிட்டு அவளைச் சூடேற்றினர், பானம் புகட்டினர், குருதி வடித்தனர். அவள் பிழைத்தாள். மன்னிப்பும் கிடைத்தது; பின்னர் மணமுடித்துப் பிள்ளைகளும் பெற்றாள். தூக்குக்கயிறு இறுக்கிய கழுத்துக்கு மேலே மூளை எப்படிப் பிழைத்திருந்தது என்பதை அன்று எவராலும் விளக்க முடிந்திருக்காது. ஆனால் கழுத்தும் மூளையும் கொண்டுள்ள உறவில் ஏடுகள் சொல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு அவளைவிடப் பெரிய சான்று அம்மருத்துவர்களுக்குத் தேவையில்லை.

1660இல் முடியாட்சி மீண்டபோது வில்லிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இயற்கைத் தத்துவப் பேராசிரியரானார். முதலில் அவரும் பிறர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தாம் கற்பிப்பது பெரும்பாலும் ஊகமே என்று உணர்ந்து, ஊகங்களை ஒதுக்கிவிட்டுத் தலைகளைத் திறக்கத் தீர்மானித்ததாகத் தம் நூலின் முகவுரையில் எழுதுகிறார். அதற்கு அவர் தனியாக இருக்கவில்லை. கத்தி பிடித்தவர்களில் ரிச்சர்ட் லோவர் தலையாயவர். படம் வரைந்தவர் கிறிஸ்டோஃபர் ரென். பின்னாளில் லண்டனின் புனித பவுல் பேராலயத்தை எழுப்பிய அதே கட்டடக்கலைஞர். தாமஸ் மில்லிங்டன் விவாதத் துணை. அவர்கள் எல்லோருக்கும் முகவுரையிலேயே வில்லிஸ் நன்றி சொல்லியிருக்கிறார்.

இக்குழுவினர் இரண்டு காரியங்களை மாற்றிச் செய்தார்கள். அதுவரை மூளையைக் கபாலத்துக்குள்ளேயே வைத்து, மேலிருந்து கீழாக அடுக்கடுக்காய்ச் சீவிக்கொண்டு வருவதே வழக்கம். அடிப்பகுதிக்கு வந்து சேரும்போது எல்லாம் குழைந்து சிதைந்திருக்கும். இவர்கள் மூளையை முழுதாக வெளியே எடுத்துத் தலைகீழாக வைத்தார்கள். அதனால் அடிப்பரப்பு முதன்முறையாக ஒரே பார்வையில், சிதையாமல் கிடைத்தது. இரண்டாவது, தமனிகளுக்குள் சாயம் ஏற்றியது. ரென் 1656இலேயே நாயின் சிரைக்குள் திரவம் ஏற்றிப் பழகியிருந்தார். ஒருபக்கக் கழுத்துத் தமனியில் சாயத்தைச் செலுத்தினால் அது மறுபக்கத் தமனியிலும் வந்து நின்றது. படத்தில் வளையமாய்த் தெரிந்தது, ஓட்டத்திலும் வளையமே என்பது உறுதியாயிற்று.

ஆயினும் வில்லிஸின் நூலை மற்றவர்களின் நூல்களிலிருந்து பிரித்து வைப்பது அதில் வரும் ஒரு சடலம் என்றே நாம் கருதுகிறோம். வயிற்றுக்குள் வளர்ந்த கட்டியால் இறந்த ஒரு மனிதர். அவருடைய மண்டையோட்டைத் திறந்தபோது, வலப்புறக் கழுத்துத் தமனி கபாலத்துக்குள் எலும்புபோல் இறுகி, உட்துளை முற்றாக அடைபட்டிருந்தது. முறைப்படி பார்த்தால் இவர் என்றோ பக்கவாதத்தில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் வாழ்நாளில் அவருக்கு அப்படி எதுவும் நேர்ந்ததில்லை. ஒரு காலத்தில் இடப்புறம் கடுமையான தலைவலி இருந்து, பிறகு தானாகவே நின்றிருக்கிறது. வில்லிஸ் தொடர்ந்து பார்த்தார். அடைபட்ட அதே பக்கத்து முதுகெலும்புத் தமனி, மறுபக்கத்தோடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு பருத்திருந்தது.

முன்வாசல் மூடப்பட்ட வீட்டுக்குள் பின்வாசல் வழியாகச் சோறு போய்க்கொண்டிருந்திருக்கிறது. வளையம் எதற்கு என்ற கேள்விக்கு விடை அந்த மேசைமேல் கிடந்தது. நான்கு வழிகளில் ஒன்றோ இரண்டோ அடைபட்டாலும் எஞ்சியவை மூளை முழுவதையும் காக்கும்படி இயற்கை ஒரு மாற்றுப்பாதை அமைத்திருக்கிறது என்று வில்லிஸ் எழுதினார். தலைவலிக்கும் அவர் விளக்கம் தந்தார்: பின்வழி பருக்கும்வரை, மறுபக்கக் கழுத்துத் தமனி அளவுக்கு மீறிய குருதியைச் சுமந்திருக்க வேண்டும்.

இலத்தீனில் எழுதப்பட்ட அந்நூல், ‘செரெப்ரி அனட்டோமே’, 1664இல் லண்டனில் வெளிவந்தது. ரென்னின் படத்தில் வளையம் முழுமையாக இருந்தது. நரம்புகளைப் பற்றிய கல்விக்கு ஒரு பெயரையும் அந்நூலே தந்தது. இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகைகளில் எழுதப்பட்டிருக்கும் ‘நியூராலஜி’ என்பது அதுவே. வில்லிஸும் உள ஆவியை நம்பியவர்தான். மூளையை அதற்கான வாலையாகவே உருவகித்தார். பழைய கோட்பாடு முழுவதையும் தூக்கியெறிந்த புரட்சியாளர் அல்லர் அவர். முன்னவர்கள் குழாய்கள் சேருவதைக் கண்டார்கள். அவை ஏன் சேருகின்றன என்பதற்கு ஓர் இறந்த மனிதரின் உடலிலிருந்து சான்று எடுத்துக் கொடுத்தவர் வில்லிஸ். பிற்காலத்தார் அவர் பெயரைச் சூட்டியதில் அநியாயம் கொஞ்சம் உண்டென்றாலும் நியாயமே மிகுதி.

6

இறந்தவரின் உடலில் கிடைத்த சான்றை உயிரோடிருப்பவரிடம் சோதித்துப் பார்க்கும் துணிவு வர ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. கழுத்துத் தமனி வீங்கிப் பலூன்போல் விரிவது ஒரு நோய். வெடித்தால் மரணம். வீக்கத்துக்குக் கீழே தமனியைக் கட்டிவிடலாம். கட்டினால் மூளை பிழைக்குமா? லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஆஸ்ட்லி கூப்பர் 1805இல் ஒரு பெண்ணுக்கு அவ்வாறு செய்தார், அவர் இறந்துபோனார். 1808இல் நடுவயது ஆண் ஒருவருக்கு மீண்டும் செய்தார். அவர் குணமடைந்து வேலைக்குத் திரும்பி, 1821வரை வாழ்ந்தார். கூறாய்வில் வளையத்தின் மாற்றுப்பாதைகள் அவரைக் காத்திருந்தது தெரியவந்தது. வேறொருவரின் கழுத்துத் தமனியை லண்டனின் இன்னொரு புகழ்பெற்ற மருத்துவரான ஜான் அபர்நெத்தி அதற்குச் சில ஆண்டுகள் முன் கட்டியபோதோ, காயம்பட்ட அந்த மனிதரின் உடல் ஒருபக்கம் செயலிழந்து, விரைவில் உயிரும் போயிருந்தது.

ஒருவரைக் காத்த வளையம் இன்னொருவரை ஏன் காக்கவில்லை? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றைப் பிற்காலக் கூறாய்வுகள் காட்டின. ரென் வரைந்ததைப் போன்ற குறையற்ற வளையம் பாதிப்பேருக்கும் குறைவானவர்களிடமே இருக்கிறது. மற்றவர்களுக்கு இணைப்புகளில் ஏதோ ஒன்று நூலிழைபோல் மெலிந்திருக்கும், அல்லது இல்லாமலே இருக்கும். பாடநூலில் உள்ள வளையமும் ஒருவகையில் ஏட்டு வளையமே. அடைப்பு மெல்ல வளர்ந்தால் மெலிந்த பாதையும் பருத்துக்கொள்ளும். வில்லிஸின் மனிதருக்கு நேர்ந்தது அதுவே. திடீரென்று அடைத்தால் அதற்கு அவகாசம் இல்லை.

தண்டுவடத்தின் நிலையோ இன்னும் இறுக்கமானது. அதற்கு முன்புறம் நெடுக ஒரே ஒரு தமனி, பின்புறம் இரண்டு. முன்தமனி ஒன்றே தண்டுவடத்தின் முன் மூன்றில் இரண்டு பங்கைப் பேணுகிறது. அது மேலே முதுகெலும்புத் தமனிகளிலிருந்து புறப்பட்டாலும், இடுப்புவரை செல்லுமளவு குருதி மேலிருந்து வருவதில்லை; வழியில் பக்கவாட்டுக் கிளைகள் வந்து சேர வேண்டும். நரம்புவேர்கள் 31 இணைகள் இருப்பினும், முன்தமனியை வந்தடையும் கிளைகள் ஒருசிலவே. இதனை நுட்பமாக வரைந்து காட்டியவர் போலந்தின் கிராக்கோவ் நகரப் பேராசிரியர் ஆல்பர்ட் அடம்கீவிச். 1881, 1882 ஆண்டுகளில் வியன்னா அறிவியல் கழக வெளியீடுகளில் அவருடைய ஆய்வு வந்தது. அக்கிளைகளுள் பெரியது, பெரும்பாலானவர்களுக்கு இடப்புறமாக, மார்பின் கீழ்ப்பகுதிக்கும் இடுப்பின் மேற்பகுதிக்கும் நடுவே எங்கோ நுழைகிறது. கொண்டை ஊசிபோல் வளைந்து முன்தமனியில் சேருகிறது. இன்று அதற்கு அடம்கீவிச் தமனி என்று பெயர். வயிற்றிலும் மார்பிலும் பெருந்தமனியைச் சீர்செய்யும் அறுவை மருத்துவர்கள் அஞ்சும் பெயர் அது. அந்த ஒரு கிளைக்கான வரத்து நின்றால், இதயமோ நுரையீரலோ நலமாயிருக்க, நோயாளி மயக்கம் தெளிந்து எழும்போது இரு கால்களும் அசையாமற் போகக்கூடும்.

அடம்கீவிச்சின் பின்வாழ்வு துயரமானது. புற்றுநோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கண்டுவிட்டதாகவும் அதற்கு மருந்து செய்துவிட்டதாகவும் அவர் அறிவித்தார். அப்படி ஓர் ஒட்டுண்ணி இல்லை. தண்டுவடத்தில் மற்றெவரும் காணாத அளவுக்கு நுட்பமாக இருந்ததைக் கண்ட அதே கண்கள், புற்றுக்கட்டிக்குள் இல்லாததைக் கண்டன. வெசேலியஸ் இல்லாததிலிருந்து இருப்பதற்கு வந்தார். இவர் எதிர்த்திசையில் சென்றார்.

7

உயிரோடிருப்பவரின் மூளைத் தமனிகளை முதன்முதலில் படமெடுத்தவர் போர்ச்சுகலின் எகாஸ் மொனிஸ். 1927 ஜூனில், லிஸ்பனில், கழுத்துத் தமனிக்குள் அயோடின் கலந்த உப்புக்கரைசலைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். வில்லிஸ் குழுவினரின் சாயம் இப்போது கபாலத்தைத் திறக்காமலே பேசியது. மொனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1949இல். இதற்காக அன்று, மூளையின் முன்பகுதி இழைகளைத் துண்டிக்கும், பின்னாளில் பெரும்பழிக்கு ஆளான அறுவைமுறைக்காக.

கருவி வந்தும் கண் உடனே திரும்பிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, பக்கவாதத்தில் இறந்தவர்களின் மூளை அக்கறையோடு ஆராயப்பட்டது. கழுத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. நோய் மூளையில், ஆகவே காரணமும் அங்கேயே இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத பாடம். 1951இல் கனடாவின் மாண்ட்ரியலைச் சேர்ந்த சார்லஸ் மில்லர் ஃபிஷர், கழுத்தில் தமனி தடித்து அடைபடுவதே பல பக்கவாதங்களுக்குக் காரணம் என்றும், அதற்கு முன்னறிவிப்பாகச் சில நிமிடங்கள் கண் இருளுவதோ கை துவளுவதோ நேரும் என்றும் எழுதினார். அந்த அடைப்பை அறுவையால் நீக்கும் நாள் வரும் என்றும் சொன்னார். 1954இல் லண்டனில் ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் ஆகிய மூவரும் கழுத்துத் தமனியின் அடைபட்ட பகுதியை வெட்டியெடுத்து முனைகளை இணைத்து, அத்தகைய முன்னறிவிப்புகள் அடிக்கடி வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றினர். வெசேலியஸின் மேசையில் மனிதத் தலை இருந்தும் கண் ஆட்டுத் தலைக்குப் போனது. ஃபிஷருக்கு முந்தைய கூறாய்வு மேசைகளில் கழுத்து இருந்தும் கண் மூளையோடு நின்றது.

உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தை முதல் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயனுண்டு என்று 1995இல் நிறுவப்பட்டது. மெல்லிய குழாயைத் தமனி வழியே அனுப்பி அடைப்பையே இழுத்தெடுக்கும் முறையை 2015இல் வெளிவந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. பெருந்தமனி ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்பது 2006இல் செய்யப்பட்ட ஒரு கணக்கு. அது சராசரிதான். சிலருக்கு மூளை விரைவாக மடிகிறது. சிலருக்கு மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. இவ்வேறுபாட்டில் பெரும்பங்கு அவரவருக்கு வாய்த்த மாற்றுப்பாதைகளைப் பொறுத்தது. ஆகவே இன்றைய மருத்துவரும் படத்தைக் கையிலெடுத்ததும் எது அடைபட்டிருக்கிறது என்று பார்த்த கையோடு, எது திறந்திருக்கிறது என்றும் பார்க்கிறார். வில்லிஸ் அந்தச் சடலத்தின் முன் நின்று கேட்ட கேள்வி அது.

வளையத்துக்கு வில்லிஸின் பெயர் இருக்கிறது. தண்டுவடத் தமனிக்கு அடம்கீவிச்சின் பெயர் இருக்கிறது. வலத் தமனி கல்லாய் இறுகியிருந்தும், தமக்குள் ஒரு மாற்றுவழி திறந்துகொண்டதை அறியாமலே நடமாடி, வேறு நோயால் இறந்துபோன மனிதரின் பெயரை வில்லிஸ் எழுதிவைக்கவில்லை. ஒரு தலைவலியாக மட்டுமே அவர் வரலாற்றில் மிஞ்சியிருக்கிறார். மூளையின் குருதியோட்டத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் முக்கியமானதொன்றை நமக்குக் கொடுத்தவர் அவர்.